ராகு காலத்தில் தூங்கிய வேலாயுதம்

வெள்ளவத்தையில் வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்கு வர இரண்டு பஸ் ஏறவேண்டும். புறக்கோட்டையில் இறங்கி மாறும்போதே என் கால்கள் இரண்டும் மரத்துப்போயிருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றபடி வருகிறவர்களிடம் "இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா" என்று கேட்பதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்துவிடும்.

"அஷ்வினி, வந்துட்டியா? சீக்கிரம் வாம்மா. இவ என்னமோ சொல்றா."

இவ என்றால் பக்கத்து வீட்டுக்காரி இல்லை. டிவிக்குள் இருக்கிறவள்.

அப்பா முத்தப்பன் புறக்கோட்டையில் சாரமும் சேலையும் மொத்தமாக விற்றவர். போன வருடம் நெஞ்சைத் திறந்து ஒபரேஷன் செய்த பிறகு, இனிக் கடைப்பக்கம் போகவேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கடையை மூடினோம். அம்மாவும் இல்லாத வீட்டில் ஒரு மனிதர் எத்தனை நாளைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்? டொரொன்டோவில் இருக்கும் என் தம்பி தியாகு, அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு கேம் மெஷினை அனுப்பிவைத்தான். அனுப்பியவனுக்கு நிம்மதி. இங்கே இருக்கிறவள் படும் பாடு அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

அது வாளும் கேடயமும் மந்திரவாதியும் பேசும் ஓநாயும் உள்ள ஒரு விளையாட்டு. அதில் ஒரு வீரன் ஊர் ஊராகப் போவான். போகிற இடமெல்லாம் ஆளுக்கொரு உதவி கேட்பார்கள். ஒருவருக்கு ஓநாயை விரட்டவேண்டும், இன்னொருவருக்குத் தொலைந்த மோதிரம் வேண்டும். செய்து கொடுத்தால் கதை நகரும். அப்பா தமிழ்ப் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படிப்பார். திரையில் ஓடுகிற இங்கிலீஷை அவரால் துரத்திப் பிடிக்க முடியாது. ஆகவே அவருக்கு வாசித்துச் சொல்கிறவள் நான். செம்பட்டைத் தாடியோடு இருந்த அந்த வீரனுக்கு வேலாயுதம் என்று பெயர் வைக்கச் சொன்னார். வைத்தேன். எனக்கு அப்போது எதிர்த்துப் பேசுகிற தெம்பு இல்லை.

மார்கழி மாதம் ஒரு நாள் வேலாயுதம் ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கே ஒருத்தி விளக்கு வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். அவளுக்கு வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர். அப்பா அவளை விளக்குக்காரி என்றார்.

அவள் சொன்னதை நான் வாசித்தேன். "அக்கரையில் என் தங்கை எனக்காக இருக்கிறாள். தனியாக நடக்கப் பயமாயிருக்கிறது. கூட வருவீரா? தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏறி முடிவதற்குள் போகவேண்டும்."

"பாவம்" என்றார் அப்பா. "கட்டாயம் போகணும். மார்கழி முடியட்டும், நல்ல நேரம் பாத்துக் கிளம்புவோம்."

சிரிக்கவேண்டாம். டிவிக்குப் பக்கத்தில்தான் நாட்காட்டி தொங்குகிறது. கடை இருந்த காலத்தில் ராகு காலத்தில் ஒரு துணிக்கட்டுக்கூடப் பிரிக்கமாட்டார். லொறி வாசலில் வந்து நிற்கும், டிரைவர் சிங்களத்தில் கத்துவார், அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செவ்வாயிலும் சனியிலும் புதிதாக எதையும் தொடங்கமாட்டார். கடை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. வேலாயுதமும் நேரம் பார்த்துத்தான் கிளம்பவேண்டும்.

ஆனால் ராகு காலம் முடியும்வரை அவனை மழையில் நிறுத்திவைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஊருக்குள் ஒரு சத்திரம் இருந்தது. அங்கே கட்டில் படத்தை அழுத்தினால் அவன் படுத்துத் தூங்குவான், திரை இருண்டு பிறகு விடியும். "நம்ம சும்மா இருக்கிற நேரத்துல அவனாவது கொஞ்சம் தூங்கட்டுமே" என்றார். நாள்தோறும் ராகு காலம் வரும். நாள்தோறும் வேலாயுதம் தூங்கினான். எழுந்ததும் விளக்குக்காரிக்கு என்று சாமான் சேர்க்கப் போவார்கள், அப்பாவும் அவனும். நீள பூட்ஸ், கம்பளி, கருவாடு, விளக்குக்கு எண்ணெய். "பொம்பளப் பிள்ளையக் கூட்டிட்டுப் போறோம். வெறுங்கையோடயா போறது?" என்பார்.

எனக்கு இந்தப் பேச்செல்லாம் புதிதில்லை. என் கல்யாணமும் இப்படித்தான் இழுபட்டுக்கொண்டிருந்தது.

நான் விரும்புகிற நோபேட், துறைமுகத்தில் வேலை செய்கிறவர், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். எட்டு வருடப் பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன்பு அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா அவரோடு இருந்து சாப்பிட்டார், துறைமுகத்தைப் பற்றி நிறையக் கேட்டார், போனபிறகு "நல்ல பையன்" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சண்டைக்கு ஒரு முடிவாவது இருக்கும். "பாப்போம்மா, நேரம் கூடி வரட்டும்" என்கிறவரோடு எதை வைத்துச் சண்டை பிடிப்பது?

ஆடியில் கூடாது. புரட்டாசியில் கூடாது. மார்கழியில் வாயே திறக்கக்கூடாது. மிஞ்சின மாதங்களில் என் நட்சத்திரத்துக்கு ஏதாவது ஒரு குறை வந்துவிடும். சோசியரிடம் போய்க் கேளுங்கள் என்றால், சோசியரிடம் போவதற்கே ஒரு நல்ல நாள் பார்க்கவேண்டும் என்பார். எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பொங்கலுக்கு முந்தின வாரம் நோபேட் வெள்ளவத்தைக்கு வந்தார். கடற்கரை ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் உள்ள தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். அவர் நேராக வேலையிலிருந்து வந்திருந்தார், சட்டையில் எண்ணெய் மணம்.

"ஓமான் துறைமுகத்தில வேலை சரிவந்திட்டுது" என்றார். "மார்ச் முடிய முதல் போகோணும். கலியாணம் முடிச்சிட்டுப் போனாத்தான் உங்களையும் எடுக்கலாம். இல்லாட்டி இன்னும் ரெண்டு வருஷம்."

"தவக்காலம் எப்ப தொடங்குது?" என்று கேட்டேன். அவர்களுக்கு ஈஸ்டருக்கு முன்வரும் அந்த நோன்புக் காலத்தில் கல்யாணம் இல்லை. எட்டு வருடத்தில் எனக்கு இரண்டு பக்கத்துப் பஞ்சாங்கமும் பாடம்.

"ஃபாதரோட கதைச்சனான். விபூதிப் புதனுக்கு முதல் வாற திங்கக்கிழமை செய்யலாமாம். அதுக்கு மூண்டு ஞாயிறு கோயில்ல ஓலை வாசிக்கோணும்."

விபூதிப் புதன் தவக்காலத்தின் முதல் நாள். ஓலை என்பது அறிவிப்பு. இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்யப்போகிறார்கள், தடை இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று பூசையில் வாசிப்பார்கள்.

"அப்ப பேர் எப்ப குடுக்கிறது?"

"பொங்கலுக்கு அடுத்த கிழமை சனிக்கிழமை. அதுதான் கடைசி. காலமை ஒன்பதுக்குப் பிறகு ஃபாதர் ஒஃபிஸில இருப்பார். ரெண்டு பக்கத்தாலயும் வீட்டு ஆள் ஒராள் வந்து முன்னால நிண்டு சம்மதம் சொல்லோணும். எங்கட ஃபாதருக்கு அது கட்டாயம்." பிளேன்டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "அப்பா வருவாரா அஷ்வினி?"

"கேக்கிறேன்."

"எனக்குக் கோபம் ஒண்டும் இல்ல. ஆனா களைச்சுப்போச்சு."

"எனக்கு மட்டும் என்னவாம்" என்றேன்.

எனக்கு நகை வேண்டாம், கல்யாண ஹோல் வேண்டாம், ஊரைக் கூட்டிச் சாப்பாடு வேண்டாம். ஃபாதரின் மேசைக்கு முன்னால் அப்பா என் பக்கத்தில் நிற்கவேண்டும். தாயில்லாத பிள்ளை தகப்பனும் இல்லாமல் வந்து நின்றாள் என்று ஆகக்கூடாது. இவ்வளவுதான் என் ஆசை. இது பெரிய ஆசையா என்ன?

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா தலையாட்டினார். "மார்கழி முடியட்டும்மா. தையில பேசுவோம்."

பொங்கலன்று எனக்கு லீவு. காலையில் பொங்கி, படைத்து, சாப்பிட்டோம். அன்று வியாழக்கிழமை, மூன்று மணிக்கு ராகு காலம் முடிந்தது. அப்பா முகம் கழுவி, விபூதி பூசி, சோபாவில் வந்து உட்கார்ந்தார். "தை பொறந்தாச்சு. இன்னிக்கு விளக்குக்காரியக் கூட்டிட்டுப் போய் அக்கரையில விட்டுடுவோம்."

வேலாயுதம் பூட்ஸும் கம்பளியும் கருவாடும் சுமந்துகொண்டு சதுப்பு நிலத்தின் ஓரத்துக்குப் போனான். விளக்கு எரியவில்லை. வீட்டின் படிகள் தண்ணீருக்குள் இருந்தன. கதவைத் தட்ட பட்டனை அழுத்தினார் அப்பா. திறக்கவில்லை. படகில் இருந்த ஒரு கிழவன் ஏதோ சொன்னான்.

"என்னம்மா சொல்றான்?"

வாசித்தேன். "அவள் உனக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இரண்டாம் படிக்கு வந்தபோது விளக்கை அணைத்துவிட்டுத் தனியாகவே நடந்தாள்."

"செத்துட்டாளா?"

"இல்ல. போய்ச் சேந்துட்டாளாம். இனி உன்னோட உதவி வேணாம்னு சொல்றான்."

அப்பாவுக்கு அவள் செத்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. "அதெப்படி போவா? நான்தான் வர்றேன்னு சொல்லியிருந்தேனே. இவ்வளவு சாமானும் யாருக்காக வாங்கினேன்? கேம் பழுதாப்போச்சு. தம்பியக் கூப்பிடு."

டொரொன்டோவில் அப்போது இன்னும் விடியவில்லை. தியாகு போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, அவனைச் சத்திரத்துல படுக்க வச்சீங்களா?" என்றான்.

"ராகு காலத்துல மட்டும்தான் வச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "ஒருக்காப் படுத்தா அங்க ஒரு நாள் போயிடும் அப்பா. சில வேலைக்குத் தவணை இருக்கு. உடனே போனா அவளோட சேந்து போகலாம், அவ கடைசிவரைக்கும் உங்க கூட்டாளி. லேட்டாப் போனா அவ தனியாப் போயிடுவா. கூடாத நேரம்னு ஒண்ணு அந்த விளையாட்டுல இல்ல. போன நேரம், போகாத நேரம், ரெண்டுதான்."

"திரும்பப் பின்னால போக ஏலாதா?"

"பழைய இடத்தை அழிச்சு அதுக்கு மேலயே சேமிச்சிட்டீங்க. முதல்ல இருந்துதான் தொடங்கணும்."

போனை வைத்த பிறகு அப்பா என்னைப் பார்த்தார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அப்பா. தண்ணி ஏறுதுன்னு சொன்னா. நான்தானே வாசிச்சேன்."

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொம்மைக்காக இப்படி வாடிப்போய் இருக்கிற மனிதர், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளை ஏன் பார்க்கமாட்டேன் என்கிறார்? "என்னோட விஷயம் என்னாச்சு அப்பா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அடுத்த வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்கு. செட்டியார் தெருவுக்குப் போய்ச் சோசியரப் பாத்துட்டு வந்துடுறேன்" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, போனார். வெள்ளிக்கிழமை மாலை நான் வேலையால் வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் ஒரு வருடமாக நான் பார்க்காத சந்தோஷம்.

"நாள் கிடைச்சாச்சும்மா. பங்குனி நடுவுல. உன் நட்சத்திரத்துக்கு இதவிட நல்ல நாள் பத்து வருஷத்துல இல்லையாம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கோபப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும்.

"பங்குனியில அவரு ஓமான்ல இருப்பாரு. அது அவங்களுக்குத் தவக்காலம் அப்பா. கோயில்ல கல்யாணம் வைக்கமாட்டாங்க. விபூதிப் புதனுக்கு முதலே முடிக்கணும்னு சொன்னேன்ல."

அப்பா முழித்தார். "அவங்களுக்கும் நாள் கிழமை எல்லாம் உண்டா?"

இரண்டு வருடம். எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அவர் கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே இப்போதுதான் தெரிந்துகொண்டவர் மாதிரிக் கேட்டார். ஊரில் எல்லாரும் தன் நாட்காட்டியைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறார்.

"நாளைக்குக் காலையில பேர் குடுக்கணும். ஒன்பதுக்குப் போனாச் சரி. நீங்க என் பக்கத்துல நின்னு, சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்குப் பிறகு நீங்க ஒண்ணும் செய்யவேணாம்."

அப்பாவின் கண் சுவர் நாட்காட்டிக்குப் போனது. எனக்குத் தெரியும் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று.

"நாளைக்குச் சனிக்கிழமைம்மா. ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம். பத்தரைக்கு மேல போவோமே."

"பத்தரைக்கு ஃபாதருக்கு ஒரு செத்தவீட்டுப் பூசை. அதுக்குப் பிறகு அவரு வெளியூர் போறாரு. ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கலன்னா மூணு ஞாயிறு வராது."

"சரி, நீ போ. நான் வந்துடுவேன்" என்றார் அப்பா. "கட்டாயம் வந்துடுவேன்."

மறுநாள் காலை நான் போகும்போது அவர் குளித்துக்கொண்டிருந்தார். கோயில் எங்கள் வீட்டிலிருந்து த்ரீவீலில் ஏறினால் உடனே வந்துவிடும் தூரம். நோபேட் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவருடைய அப்பா கிளறன்ஸ் அங்கிளும் மூத்த சகோதரி பிறிஜெற் அக்காவும் வந்திருந்தார்கள். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று மூன்று பேரும் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஃபாதர் எங்களை உள்ளே கூப்பிட்டார். "அப்பா வாறார் ஃபாதர், கொஞ்சம் பாப்பமே" என்று நோபேட் சொன்னார். பார்த்தோம். மேலே மின்விசிறி சுற்றியது. வெளியே செத்தவீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சேர ஆரம்பித்தார்கள். நான் வாசலுக்கு வந்து அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"ரெடியாயிட்டேம்மா" என்றார் உடனே. "வேட்டி கட்டிட்டேன். த்ரீவீல்காரன் கீழ நிக்கிறான். நான் கதவுகிட்டத்தான் நிக்கிறேன். பத்தரை ஆனதும் காலை எடுத்து வெளிய வச்சிடுவேன்."

"இப்ப வைங்க அப்பா. ஒரே ஒரு அடி. அதுக்குப் பிறகு த்ரீவீல் கொண்டுவந்துடும்."

கீழே த்ரீவீல்காரன் ஹோர்ன் அடிப்பது போனில் கேட்டது.

"எனக்குப் பயமில்லம்மா. எனக்கு என்ன, ஒருக்கா நெஞ்சத் தொறந்து பாத்தாச்சு. உனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது. உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்கு ராகு காலத்துலதான் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வரல."

இதை அவர் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். "சரி அப்பா, வாங்க" என்று சொல்லி வைத்தேன்.

உள்ளே போனபோது ஃபாதர் எழுந்து நின்றிருந்தார். "பிள்ளை, இனி என்னால பொறுக்கேலாது. பெட்டி வந்திட்டுது. உங்கட பக்கத்துக்கு ஆர் நிக்கிறது?"

நோபேட் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று நான் சொன்னால் அவர் அதற்கும் தலையாட்டியிருப்பார், தனியாக ஓமானுக்குப் போயிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"பிறிஜெற் அக்கா நிப்பீங்களா?" என்று கேட்டேன்.

பிறிஜெற் அக்கா தன் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து என் இடது பக்கம் நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். ஃபாதர் கேட்டார், கிளறன்ஸ் அங்கிள் சம்மதம் என்றார், அக்கா சம்மதம் என்றார். பெயர் எழுதினார்கள். நாங்கள் கையெழுத்துப் போட்டோம். ஃபாதர் எங்கள் தலையில் கைவைத்து ஜெபித்தார். இரண்டு வருடம் இழுத்த வேலை, ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. அதைவிடக் களைப்பாக இருந்தது.

வெளியே வந்தோம். பெட்டியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், முற்றம் காலியாகிக்கொண்டிருந்தது. அப்போது கேட்டுக்குள் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. அப்பா இறங்கினார். பட்டு வேட்டி, அம்மா உயிரோடு இருந்தபோது கட்டியது. கையில் பெரிய தாம்பாளம்: வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், அதற்கு மேல் மடித்து வைத்த ஒரு சிவப்புச் சேலை. கடையை மூடும்போது எல்லாவற்றையும் விற்றோம் என்று நினைத்திருந்தேன். இந்த ஒன்றை எங்கேயோ எடுத்து வைத்திருக்கிறார்.

பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். நோபேட் ஓடிப்போய்த் தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அப்பா மறுபக்கத்தை விடவில்லை.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது அப்பா."

"உன் பக்கம் யாரு நின்னா?"

"பிறிஜெற் அக்கா."

அப்பா அக்காவைப் பார்த்து, கும்பிடக் கை இல்லாததால் தலையைக் குனிந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்றார்.

"பொறுத்தேன் அப்பா. முப்பத்தொன்பது வயசு வரைக்கும் பொறுத்தேன்."

நான் கோபமாகச் சொல்லவில்லை. அவரும் கோபப்படவில்லை. ஓம் என்பது போலத் தலையை ஆட்டினார். கோயிலுக்குள் செத்தவருக்காகப் பாட்டுத் தொடங்கியது. அப்பா தாம்பாளத்தைப் பிடித்தபடி, பூட்டிக்கிடந்த ஒஃபிஸ் கதவையும், கிளறன்ஸ் அங்கிளையும், அக்கா நின்ற என் இடது பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப நான் எங்கம்மா நிக்கணும்?" என்று கேட்டார்.

எனக்கு அழுகைதான் வந்தது.